பதிலுக்கு ஒரு வால்வு

மனைவியிடம் பொய் சொல்வதில்லை என்று பன்னிரண்டு வருஷமாகக் கட்டிக்காத்த கொள்கையை, கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குமிழ் ஒன்றுக்காக அந்த ஞாயிற்றுக்கிழமை கைவிடுவது என்று அவர் முடிவெடுத்தார்.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. எட்டு மணி நேரம் இயந்திரம் காதில் உழுதுகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் மனைவியின் தையல் மெஷின். என்றாவது ஒருநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புல்லாங்குழல்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட வேண்டும். அந்த ஏக்கத்தில்தான் பழைய ரேடியோக்களில் ஒளிருமே, அந்தக் கண்ணாடி வால்வு வைத்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரைத் தன் கையாலேயே செய்யக் கிளம்பினார். ஒன்றரை வருஷமாகச் சேர்த்த ட்ரான்ஸ்ஃபார்மர், கண்டென்சர் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் காத்திருந்தன. வால்வு மட்டும் அகப்படவில்லை. வால்வின் நம்பரைச் சொன்னாலே கடைக்காரர்கள் இறந்துபோனவரை விசாரித்ததுபோல் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். பதிலுக்கு எதைப் போடலாம் என்று தேடித் தேடி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது அலமாரிமேல் ஆறு வருஷமாக ஊமையாய்க் கிடந்த மனைவியின் ரேடியோவுக்குள் இருந்தது.

கேட்டால் தர மாட்டாள். அவளுக்கு அது ரேடியோ இல்லை, கூடப்பிறந்தவள்.

“உன் ரேடியோவை ரிப்பேர் பண்ணலாம்னு பார்க்கறேன்,” என்றார். திறப்பது, வால்வை உருவுவது, ‘செத்துப்போச்சும்மா’ என்று உதட்டைப் பிதுக்குவது. அவ்வளவுதான் திட்டம்.

அவள் தையலை அப்படியே போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். இது திட்டத்தில் இல்லை.

“வால்வுதான் போயிருக்கும்னு தோணுது.”

“தோணுதா, தெரியுதா?”

“கரண்ட் குடுத்தாத்தானே தெரியும். ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிக் கிடக்கு.”

“உங்க டின்ல ஒண்ணு இருக்கே.”

“அது… அது வேறம்மா.”

“சும்மா மாட்டிப் பாருங்க. நான் என்ன கடிச்சா தின்னப்போறேன்?”

மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தித் தொலைத்தது. செத்துப்போனதாக அறிவிக்கப்படவிருந்த வால்வு மெல்லச் சிவந்தது. அவர் குனிந்து பார்த்தார். இத்தனை நாள் படத்தில் மட்டுமே பார்த்திருந்த வெளிச்சம்.

“உயிரோடதான் இருக்கு,” என்றாள் மனைவி. “ஆனா ஏங்க இப்படி உறுமுது?”

“கண்டென்சர் காய்ஞ்சுபோச்சு.” பிழையைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. தொழில் புத்தி.

“டின்ல?”

“இருக்கு.”

அடுத்த ஞாயிறு டின்னிலிருந்து வால்யூம் கண்ட்ரோல் ரேடியோவுக்குப் போனது. அதற்கடுத்த ஞாயிறு ரெசிஸ்டர்கள் போயின. டின் இளைத்தது, ரேடியோ தேறியது. அன்று சாயங்காலம் அது பாடியே விட்டது.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “காலையிலேர்ந்து என்கிட்ட பேசறது அந்தத் தையல் மெஷின் ஒண்ணுதாங்க.”

அவர் ரேடியோவின் முதுகிலிருந்த துளைகள் வழியே தன் வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தார், புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் ஜன்னலைப் பார்ப்பதுபோல.

அவள் தைத்துக்கொண்டிருந்த துணிக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஆம்ப்ளிஃபயருக்கு அவர் எழுதிய சாமான் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தையல் சாக்பீஸால் டிக். கடைசி வரியில்: ‘வால்வு. அவள் ரேடியோவிலிருந்து, அவளுக்குத் தெரியாமல்.’

“டின் மூடிக்குள்ள ஒட்டியிருந்துச்சு. முதல் ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே பார்த்துட்டேன். சொல்லப்போற பொய்யைக்கூடப் பிழையில்லாம எழுதி வச்சிருக்கீங்க.”

அவர் தரையைப் பார்த்தார்.

“சரி விடுங்க. இதுல ஹெட்போன் மாட்ட ஒரு ஓட்டை போட முடியுமா?”

மன்னித்துவிட்டாள். டின்னில் மிஞ்சியிருந்த ஒரே பொருளான ஹெட்போன் சாக்கெட்டை அரை மணி நேரத்தில் பற்றவைத்து, ஹெட்போனைத் துடைத்து எடுத்துவந்தார்.

அவள் அதை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். ஸ்டூலை மெஷின் பக்கம் நகர்த்தி உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். “அய்யோ, மூச்சு இழுக்கறதுகூடக் கேட்குதுங்க,” என்றாள்.

பிறகு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் இப்போது அவருக்கு மட்டும்தான் கேட்டது.