பெரியப்பாவைக் காணோம்

"நல்லா எண்ணிப் பாத்துட்டீங்களா?" டிரைவர் சகாயநாதன் மறுபடியும் கேட்டார்.

"எண்ணாம என்னண்ணே? ஜன்னலோர சீட்டு காலியாத்தானே கெடக்கு!" அழகிரியின் குரல் உடைந்துவிட்டது.

காணாமல் போனவர் வெள்ளைச்சாமி. மருங்காபுரிப் பார்ட்டியைச் சேர்த்து அழைத்து வந்த வீரமலையின் பெரியப்பா. பஸ் கிளம்பியதிலிருந்து எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்த கிழவர். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்து ஆடிப் பெருக்குக் கூட்டத்தில் எங்கே போனாரோ.

அழகிரி எந்தக் கம்பெனியையும் சேராத டூர் மேனேஜர். வாடகைக்கு பஸ் பிடித்து, ஊர் ஊராக ஆள் சேர்த்து, சாமி காட்டி, சோறு போட்டு, திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிடுவது தொழில். போன தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் ஓர் ஆளைத் தொலைத்தான். அவர் இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருத்தரும் அவனைக் கூப்பிடவில்லை. இந்த மருங்காபுரிக்காரர்கள்தான் கூப்பிட்டார்கள். இவரையும் தொலைத்துவிட்டால், பொன்மலையில் மச்சானின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான். அதற்கென்று மச்சான் ஒரு முக்காலிகூடச் செய்து வைத்திருந்தார்.

"வந்துருவாரு தம்பி. நீங்க வண்டியை எடுக்கச் சொல்லுங்க. சமயபுரத்துக்கு நேரமாகுது" என்றார் வீரமலை.

"உங்க பெரியப்பாவை விட்டுட்டா? என்னை என்னன்னு நெனைச்சீங்க?"

இந்த நிலையிலும் மனம் நோக ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் வீரமலை. அழகிரிக்குக் கண் கலங்கியது.

போலீஸ் கொட்டகைக்கு ஓடினான். "வெள்ளைச்சாமி என்கிற பெரியவர் எங்கிருந்தாலும் மருங்காபுரி பஸ்ஸுக்கு வரவும்! சாப்பாடு தயார்!" என்று மைக் அலறியது. சாப்பாட்டைச் சேர்த்தது அழகிரியின் யோசனை. அதுதான் வினையாகிவிட்டது. கரூர் வெள்ளைச்சாமி வந்தார். முசிறி வெள்ளைச்சாமி வந்தார். காது கேளாத ஒருவரும் வந்தார். அவருக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தே விட்டார்.

"பெரியவரே, இது வேற ஆளு சீட்டு!"

"ஊறுகா இருக்கா?" என்றார் அவர்.

சரி, ஆளுக்கொரு பக்கமாகத் தேடலாம் என்று பார்ட்டியை இறக்கிவிட்டான். பெண்கள் வளையல் கடைகளில் தேடினார்கள். ஆண்கள் காப்பி ஓட்டல்களில் தேடினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. இப்போது பஸ்ஸில் மிச்சமிருந்தது, பார்ட்டியைச் சேராத ஒரே ஓர் ஆள்.

"நல்லா மேனேஜ் பண்றீங்க" என்றார் சகாயநாதன்.

பரிசல்காரர்களைக் கெஞ்சி ஆற்றில் பார்க்கச் சொன்னான். பரிசல் இறங்கியதுதான் தாமதம், கரை முழுக்கக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒரு அம்மாள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். யாருக்காக என்று அவளுக்கே தெரியாது. ஏட்டு வந்தார்.

"யாருய்யா இங்க டூர் மேனேஜர்?"

"நான்தானுங்க. அழகிரி."

"ராமேஸ்வரத்துல ஆளைத் தொலைச்ச அழகிரியா? இதையே தொழிலா வச்சிருக்கியா நீ? கெழவரோட வா. இல்லேன்னா ஸ்டேஷனுக்கு வா."

அழகிரி தேடுகிறவன்போல நடந்தான். உண்மையில் அவன் ஓடிக்கொண்டிருந்தான். கோயிலின் வடக்கு வாசலைத் தாண்டி, கொள்ளிடக் கரையைப் பிடித்து, யார் முகத்திலும் விழிக்காமல் எங்காவது போய்விட வேண்டும். முக்காலி கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று.

பார்ட்டியை அவன் அந்தப் பக்கம் அழைத்துப் போகவே இல்லை. ஆனால் கொள்ளிடக் கரையில் ஒரு புளிய மரத்தடியில் வெள்ளைச்சாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாற்று வேட்டி, போர்வை, கட்டுச்சோற்று மூட்டை.

"பெரியவரே!" அழகிரி அழுதேவிட்டான்.

"இப்பத்தான் வர்றியாடா? இதெல்லாம் ஒரு டூரு, நீயெல்லாம் ஒரு மேனேஜரு! என்னால நடக்க முடியாது. தூக்கு!"

தூக்கினான். உத்தர வீதி, சித்திரை வீதியெல்லாம் கிழவர் முதுகில் இருந்தபடியே திட்டிக்கொண்டு வந்தார். "எருமை மாதிரி ஆடாம நடடா!" ஒவ்வொரு வசவும் அழகிரியின் காதில் தேனாகப் பாய்ந்தது. தை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரித்தான்.

பொழுது சாய்ந்திருந்தது. பார்ட்டி எப்படியோ பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது. அழகிரி கிழவரைப் படியில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்தான்.

"இந்தாங்க உங்க பெரியப்பா! ஒரு கீறல் இல்லாம ஒப்படைச்சுட்டேன்!"

வீரமலை வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவண்டா என் சீட்டுல?" கிழவர் கத்திக்கொண்டே உள்ளே ஏறினார்.

வீரமலையின் சம்சாரம் மயிலம்மாள் மெல்லக் கீழே இறங்கி வந்தாள். அழகிரியை ஒரு பக்கமாக அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஏன் தம்பி, ராமேஸ்வரத்துல நீங்க ஒரு ஆளைத் தொலைச்சீங்கன்னு கேள்விப்பட்டுத்தானே, மத்த மேனேஜருங்க அவ்வளவு பேரையும் விட்டுட்டு உங்களைத் தேடிப் புடிச்சோம்?"