ரத்னாபாய் மாமியின் ஜீவிய சரித்திரம்: நான்காம் திருத்தம்

நேமம், திருவனந்தபுரம்
14.7.2024

கர்த்தருக்குள் பிரியமான ஜெபசிங் மச்சானுக்கு, சத்தியதாஸ் எழுதிக்கொண்டது. அவருடைய கிருபையால் இங்கு நானும் உங்கள் தங்கச்சியும் மாமியும் சுகம். நாகர்கோவிலில் உங்கள் வீட்டார் அனைவரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் உங்கள் அம்மா மட்டும்தான் சுகம். நான் ஒழிந்தேன்.

அடக்க ஆராதனையில் குடும்பத்தார் ஒருவர் ஜீவிய சரித்திரம் வாசிப்பது நம் சபை வழக்கம். மாமிக்கு வயது தொண்ணூற்றாறு. தன்னுடையதை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் காட்ட வேண்டும் என்று பதிமூன்று வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறார். "செத்தப்பெறவு நீங்க தப்பா வாசிச்சா நான் எழும்பித் திருத்தவா முடியும்?" என்பது அவருடைய கட்சி. முதலில் உங்கள் பெரியண்ணன்தான் எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருடைய அடக்கத்தில் நாம் அவருக்கு வாசிக்கும்படி ஆகிவிட்டது. பெற்ற மகனின் பெட்டிக்கு அருகில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பத்தாம் நாள் அண்ணனுடைய நோட்டை என் கையில் தந்தார். ஆபீஸ் குறிப்பைத் தவிர வேறொன்றும் எழுதியறியாத என் கையில்.

முதல் முறை, அதிகாலை ஜெபத்தோடு நாளைத் தொடங்குவார் என்று எழுதினேன். தான் எழுந்ததும் முதலில் பால் விடாத கட்டன்சாயாதான் குடிப்பதாகவும், சபையில் பொய் வாசிக்க வேண்டாம் என்றும் சொல்லி அடித்துவிட்டார். சரி, உள்ளதை எழுதுவோம் என்று, வித்துராவுக்கு மேலே எஸ்டேட்டில் மருத்துவச்சியாக இருந்த காலத்தில், பிரசவவலி கண்டவளைக் கொண்டுபோக ஜீப் தர மறுத்த மானேஜரிடமிருந்து சாவியைப் பிடுங்கியதை எழுதினேன். நடந்ததுதானாம், ஆனால் பெட்டிக்குள் கிடக்கும்போது பெருமை பேசக்கூடாதாம். மூன்றாம் முறை, சபைப் போதகர் ஐயர் நாலு நிமிஷம்தான் தருவார் என்று சுருக்கினேன். ஆயிரத்து எழுநூறு பிரசவத்தை நாலு நிமிஷத்தில் எப்படிச் சொல்லுவீர் என்று கேட்டார்.

போன புதன்கிழமை அந்த மூன்றாவதை உரக்க வாசிக்கச் சொன்னார். கீழே கிடப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று பார்க்க வேண்டுமாம். வெள்ளைச் சேலை கட்டி, கட்டிலில் நீட்டிப் படுத்து, கையைக் கோத்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் தலைமாட்டில் நின்று வாசித்தேன், என் குரல் தடுமாறியது. அந்த நேரம் பார்த்து ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செயலாளர் ஷாஜி வாசலில் வந்து நின்றிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிஷம் தலைகுனிந்து நின்று, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். முக்கால் மணி நேரத்தில் தெருமுனையில் கறுப்புக்கொடி. வாட்சாப்பில் மாமி படம். வாசலில் பிரீசர் பெட்டியோடு வண்டி. கிழக்கேகோட்டையில் காய்கறி வாங்கித் திரும்பிய உங்கள் தங்கச்சி ஆட்டோவிலிருந்தே கறுப்புக்கொடியைப் பார்த்துப் போட்ட சத்தம் உங்களுக்கு நாகர்கோவிலில் கேட்டிருக்கும்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமி எழுந்து, வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போடச் சொல்லிச் சாயா கொடுத்தார். பிரீசரைத் திறந்து பார்த்து, நீளம் போதும், கண்ணாடிதான் அழுக்கு என்றார். பிறகு ஷாஜியை உட்காரவைத்து, வந்திருந்த எண்பத்துமூன்று அனுதாபச் செய்தியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எல்லாரும் ஆதராஞ்சலி என்று போட்டிருந்தார்களே தவிர, மாமியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆள் போனதும் என்னைப் பார்த்து, "பாத்தீரா மருமவனே? நாலாவது எழுதும்" என்றார்.

எழுதினேன் மச்சான். கடைசி வரிவரை வந்துவிட்டேன். தேதிக்கு இடம் விட்டு, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று முடிக்க வேண்டும். 'நித்திரை' வரை எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. என்னைப் பெற்றவள் முகம் எனக்கு நினைவில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக, நான் சாப்பிட்டேனா என்று கேட்கிற ஒரே ஆள் இவர்தான். உங்கள் தங்கச்சி கேட்பதில்லை. இவர் இல்லாமல் போவதை நான் எப்படி என் கையால் எழுதுவேன்? சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்து இந்த நோட்டை வாங்கிக்கொண்டு போங்கள். உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும்.

சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டையும், முடிந்தால் என் புத்தியையும் காப்பாராக.

இப்படிக்கு,
சத்தியதாஸ்

பி.கு.: வர வேண்டாம். நான் தபால்தலை வாங்கப் போன நேரத்தில் மாமி பூதக்கண்ணாடி வைத்து இந்தக் கடிதம் முழுவதையும் வாசித்துவிட்டார். இதுதான் சரி, அடக்கத்தில் இதையே வாசிக்க வேண்டும் என்று அடியில் கையெழுத்தும் போட்டு, தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். உங்களுக்கு வந்திருப்பது போட்டோஸ்டாட். என் கை போகவில்லை என்று எழுதிய பத்தியை மட்டும் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறார். ஏன் மாமி, அதிலே என்ன பொய் என்று கேட்டேன்.

"பொய் இல்ல. அத வாசிச்சா நீரு அழுதுருவீரு. பெறவு மிச்சத்த யாரு வாசிப்பா?" என்றார்.