சடையன் கரடியும் நாற்பத்தெட்டு எண்களும்

ஒரு காட்டில் சடையன் என்ற கரடியின் மடிக்கணினி திறக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் உள்ளே குகை ஒதுக்கீட்டு விண்ணப்பம் இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் அதைச் சிங்கத்தின் அலுவலகத்துக்கு அனுப்பாவிட்டால், மலையடிக் குகை காட்டுப்பன்றிக்குப் போய்விடும். கரடியின் மனைவி பொன்னுத்தாயிக்கோ மாதம் நிறைந்திருந்தது. குடியிருந்த புதர் நாலு பக்கமும் ஒழுகியது.

நடந்தது இது. முந்தாநாள்தான் கரடி புது இயங்குதளம் போட்டது. நேற்று விண்ணப்பத்தை நிரப்பியது. அதோடு மூடி வைத்திருக்கலாம். 'வட்டு முழுவதையும் பூட்டவா?' என்று திரை கேட்டது. கரடிக்குத் திருட்டுப் பயம் அதிகம். அதுவே தேன் திருடித்தான் பிழைக்கிறது. பூட்டச் சொன்னது. கடவுச்சொல்லைத் தமிழில் வைத்தது. எந்தத் திருடனுக்கும் தோன்றாதாம்.

காலையில் கணினியைப் போட்டால் பூட்டுத் திரை. அதற்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். கரடி அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தது.

தேவாங்குக்குச் சொல்லி அனுப்பினார்கள். காட்டில் கணினி பார்ப்பது அது ஒன்றுதான். பக்கத்து மரத்திலிருந்து இறங்கி வர மூன்று மணி ஆனது.

"அணைச்சுப் போட்டீங்களா?"

"ஏழு தடவை போட்டேன்யா!"

"எட்டாவது என் முன்னால போடுங்க."

போட்டது. திறக்கவில்லை.

"பூட்டும்போது நாற்பத்தெட்டு எண் கொடுத்திருக்குமே. அதை அடிச்சா திறக்கும். எங்க வெச்சீங்க?"

"பத்திரமா வெச்சிருக்கேன்."

"அதான், எங்க?"

கரடி கணினியைக் காட்டியது. "இதுக்குள்ள."

பொன்னுத்தாயி தலையில் அடித்துக்கொண்டது. "சாவியை உள்ள வெச்சு பீரோவைப் பூட்டின மகராசன்! இந்த ஆளை நம்பி நான் குட்டி போடப் போறேன்."

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்," என்றது தேவாங்கு.

"விண்ணப்பம்?"

"அதையும் புதுசாத்தான் போடணும்."

"புதுசுக்கும் அதிகாரி எருமை கையெழுத்துப் போடணும், அது குட்டையில இறங்கிடுச்சுய்யா! ஏறவே மூணு நாளாகும்."

மணி நாலரை. புதருக்கு வெளியே யாரோ செருமினார்கள். மரநாய். அந்த வட்டாரத்தில் அது கை வைக்காத கூடு கிடையாது.

"அண்ணே, அந்த எண் என்கிட்ட இருக்கு."

"உன்கிட்ட எப்படிடா?"

"நேத்து திரையில வந்தப்ப மேல கிளையில இருந்து பார்த்து எழுதிக்கிட்டேன். நீங்க குளிக்கப் போனதும் திறந்து, உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டு அனுப்பலாம்னு நினைச்சேன். நீங்கதான் குளிக்கவே மாட்டேங்கிறீங்களே."

"திருட்டுப் பயலே!"

"திட்டுறதை அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்குங்க. பன்றிக்குப் போனா உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. குகைக்குப் பின்னால ஒரு பொந்து இருக்கு. அது எனக்கு. சம்மதமா?"

கரடி உறுமியது. பொன்னுத்தாயி குறுக்கே வந்தது. "அவர் கிடக்கிறாரு. நீங்க உள்ள வாங்க தம்பி. காபி சாப்பிடுறீங்களா?"

மரநாய் எண்களை எழுதிய இலையை விரித்துவைத்து, பார்த்துக் கணினியில் அடித்தது. நாற்பத்தெட்டில் ஒன்றுகூடத் தப்பவில்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது. பூட்டு திறந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போனது. குகை கிடைத்தது. குட்டி நனையாமல் பிறந்தது.

நீதி: ரகசிய எண்ணை நீங்கள் பத்திரப்படுத்தினால் போதாது, தொழில் சுத்தமான திருடன் ஒருவன் பார்க்கும்படியும் வைக்க வேண்டும். எங்கள் காட்டில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார்: திருவாளர் மரநாய்.