முப்பதாம் படி

கையெழுத்துக் கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். கூச்சக்காரனும்கூட. (அதனால்தான் திருகோணமலைத் துறைமுகத்தடி மீனவர் சங்கத்தில் அறிவித்தல் அனுப்பும் வேலையை எனக்குத் தந்தார்கள். வாய் திறக்கத் தேவையில்லையே.)

அறிவித்தல்கள் போனில்தான். அனுப்புகிறவரின் போனுக்குள் ஒரு ரகசியச் சாவி உண்டு. அது போட்ட முத்திரையைப் பார்த்துத்தான் அங்கத்தவர்கள் நம்புவார்கள். போன் தொலைந்தால் வேறு எந்தப் போனிலிருந்தும் அந்தச் சாவியை ரத்துச் செய்யலாம். வினை அங்கேதான். சங்கத் தலைவரும் அறிவித்தல் அனுப்புவார்; யாரோ ஒரு குறும்பன் அவருடைய சாவியைத் தினமும் ரத்துச் செய்தான்.

இதையெல்லாம் செய்து தந்த மருமகள் நிரோஷா, ரத்துக் கேட்கும் போன் முதலில் ஒரு கடினமான கணக்கைச் செய்து முடிக்கவேண்டும் என்று வைத்தாள். இருபதாம் படியில் அரை நிமிடம்.

"குழப்படி கூடினால் ஒரு படி கூட்டுங்கோ மாமா. ஒவ்வொரு படிக்கும் வேலை இரட்டிக்கும்."

விளங்கவில்லை. கேட்க வெட்கம். தலையாட்டினேன். குழப்படி கூடியபோது, வானொலிச் சத்தத்தைக் கூட்டுவது போலத்தானே என்று முப்பதில் வைத்தேன்.

மறுநாள் காலை என் போனைக் காணவில்லை. ஒன்பது மணிக்கு மனைவி ஸ்டெலாவின் போனில் என் முத்திரையோடு அறிவித்தல்: "இண்டைக்குப் பின்னேரம் என்ர பிறந்தநாள். எல்லாரும் வீட்டை வாங்கோ. கோழிக்கறி."

"எனக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்லியிருக்கிறியள்!"

"ஐயோ, நானில்லையப்பா!"

அவளுடைய போனிலேயே ரத்துக் கேட்டேன். கணக்கு ஓடியது, ஓடியது. சூடேறிய போனை ஈரத்துணியால் பிடித்து நிரோஷாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"எத்தினையில வச்சனீங்கள்?"

"முப்பது."

"ஆயிரம் மடங்கு மாமா! பின்னேரம் அஞ்சரைக்குத்தான் முடியும்."

"குறைக்க ஏலாதோ?"

"குறைக்கிறதுக்கும் உங்கட சாவிதான் வேணும்."

சங்கத்து அங்கத்தவர்கள் நாற்பது பேருக்கு 'வராதேங்கோ' என்று சொல்ல எனக்கு வாய் வருமா? கோழி வாங்கப் போனேன்.

ஐந்து மணிக்கு முற்றம் நிறைந்தது. பேசச் சொல்லி விடாப்பிடியாக நின்றார்கள். ஐந்தரைக்கு எழுந்து, "நல்லாச் சாப்பிடுங்கோ" என்றேன். அந்த நொடியில் நாற்பது போன்களும் ஒன்றாகக் கிணுகிணுத்தன: இவரது சாவி ரத்து. இவர் சொல்வதை நம்பவேண்டாம்.

என்னோடு கடல் தொழிலுக்கு வரும் சூசை, சிரிப்பில் புரையேற, சட்டைப்பையிலிருந்து என் போனை எடுத்து நீட்டினான். காலையில் வள்ளத்தில் விட்டிருக்கிறேன்.

"முப்பது வருசப் பழக்கம், மச்சான். ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டனியோ?"

அவன் தட்டில் இன்னொரு அகப்பை கறி போட்டேன்.

நிரோஷா தந்த புதுச் சாவியில் இப்போது இருபத்தோராம் படி, ஒரு நிமிடம். குறும்பனுக்கு அவ்வளவு பொறுமையில்லை. நான் வீட்டில் எதைச் சொன்னாலும் ஸ்டெலா, "சாவி ரத்தான மனுசன்ர கதை" என்பாள். நான் பிறந்தது மார்கழியில். ஆனாலும் ஆண்டுதோறும் அதே நாளில், அறிவித்தல் இல்லாமலே, நாற்பது பேரும் வந்துவிடுகிறார்கள். இன்றும் கோழி அடுப்பில். நான் முற்றத்தில் கதிரை போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஓகஸ்ட் பதினோராம் திகதி.