எவாரிஸ்டோ மாமாவின் ஆகாயக் கணக்கு

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாமலே உலகத்து விமானங்களுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்கும் ஓர் இனம் உண்டு, வாசகரே. ஸ்பெயினிலிருந்து அட்லாண்டிக் கடல் தாண்டி மேற்கே இருக்கும் எங்கள் குவாயகில் நகரத்தில் தெருவுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். வீட்டுக்கு ஒருத்தர் ஸ்பெயினுக்குப் பிழைக்கப் போன ஊரில் இல்லாமல் எப்படி?

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் எவாரிஸ்டோ. யாராவது "பையன் மிலான்ல இருக்கான்" என்று வாயைத் திறந்துவிடக் கூடாது. சுவரில் தொங்கும் உலகப்படத்தில் நூலைப் பிடித்து, அளந்து, எதிர்காற்றுக்குக் கொஞ்சம் சேர்த்து, விமானம் தரையில் சக்கரம் வைக்கும் நிமிஷம்வரை சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார். கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை.

அவருடைய தங்கை நார்சிசா, ஸ்பெயினின் மத்ரித் நகரத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டிப் பிழைத்தவள், ஒன்பது வருஷம் கழித்து வருகிறாள். "கதவு தொறந்ததும் மொதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்கணும்" என்று மகள் மரியுக்சியிடம் போனில் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. டிக்கெட்டில், வந்திறங்கும் நேரம் மாலை ஐந்து.

"அது மத்ரித் கடிகாரம்டி. அங்க ஆறு மணி நேரம் முந்தி ஓடும், அதக் கழிக்கணும். காலைல பதினொண்ணுக்கு வந்துரும்."

"எறங்குற ஊரு நேரத்தத்தானே மாமா போடுவாங்க?"

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே பிளேன அளந்தவன் நான்."

தீர்ந்தது. பலூன், பெயர் எழுதிய துணி, கைக்குழந்தைகள், அக்கம்பக்கத்தார் என்று இரண்டு வேன் சனம் காலையிலேயே விமான நிலையத்தில் இறங்கியது. பதினொன்று அடித்தது. நார்சிசா வரவில்லை. "எதிர்காத்து" என்றார். பன்னிரண்டுக்கு, "மேல சுத்திக்கிட்டிருக்கான்." இரண்டு மணிக்குக் குழந்தைகள் பசியில் வீறிட, வானத்தை அண்ணாந்து பார்த்துத் தீர்ப்பு வழங்கினார். "பாதிக் கடல்ல திரும்பிட்டான். இனி நாளைக்குத்தான். ஏறுங்க."

நம்பினால் நம்புங்கள், எல்லோரும் ஏறினார்கள். கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பேசுகிறவரிடம் யார் வாய் கொடுப்பது? மரியுக்சி மட்டும் ஏறவில்லை.

"மரியாதையா ஏறுடி."

"நீங்க போங்க மாமா. நான் நிக்கறேன்."

சொல்லிவிட்டாள். ஆனாலும், மாமா சொன்னதே சரியாக இருந்துவிட்டால்? கால் கடுக்க நின்றாள். ஐந்து மணிக்குச் சற்றுப் பின் கதவு திறந்தது. பெட்டியைப் போட்டது போட்டபடி நார்சிசா ஓடி வந்தாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

டாக்சி பிடித்து வீடு சேர்ந்தபோது, மீன் சாறு குடித்துக்கொண்டிருந்த சனத்துக்கு எவாரிஸ்டோ படத்தில் அட்லாண்டிக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தார். நூலைப் பார்த்தார்.

"அதெப்படி? நீ இப்ப கடலுக்கு மேலதானே இருக்கணும்?"

"சரிண்ணே, நான் கடலுக்கு மேலயே இருக்கேன். நீ கொஞ்சம் நகரு, எம் பொண்ணு காலைலேர்ந்து சாப்பிடல."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஆறு மணி நேரத்தைக் கழிப்பதா, கூட்டுவதா என்று கதை நடுவிலேயே நீங்களும் விரலை மடக்கி எண்ணினீர்களே, வாசகரே, அந்தக் கையோடு உங்கள் வீட்டார் யாரையும் வேனில் ஏற்றிவிடாதீர்கள்.