கமலையின் தர்க்கம்

மதுரையிலேயே தனியாகத் தும்மக்கூடத் தெரியாத ஒரே மனிதன், வைகைக் கரையோரம் இருந்த எங்கள் கல்லூரி விடுதியின் 'கமலை'தான். காளைகள் முன்னும் பின்னும் நடந்து கிணற்று நீரை இறைக்குமே, அந்தக் கமலையைப் போலத் தாழ்வாரத்தில் நடந்தபடியேதான் அவன் படிப்பான். அவனோடு நாங்களும் நடக்க வேண்டும். போகும்போது அவன் கேள்வி. திரும்பும்போது எங்கள் பதில். புரியாவிட்டால் மறு நடை. இன்டர்மீடியட் படிப்பால் எனக்கு அறிவு வளர்ந்ததோ இல்லையோ, கெண்டைக்கால் வளர்ந்தது.

எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். தர்க்கப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தான். இம்முறையும் தோற்றால் படிப்பை விட்டு அசல் கமலையையே ஓட்ட வேண்டும் என்று அவன் ஐயா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"அம்புட்டும் தெரிஞ்சவன் கதவைச் சாத்திக்கலாம் மாப்ள. எனக்கு எது தெரியலைன்னு கண்டுபிடிக்கவே நாலு பேரு வேணும்" என்பான்.

கதவைச் சாத்திக்கொண்டவன் துளசிராம்: நெசவாளர் வீட்டுச் சௌராஷ்டிரப் பிள்ளை, வகுப்பில் முதல்வன். எங்கள் நடைச் சத்தம் தாளாமல் வார்டனிடம் முறையிட்டான். தேர்வு நெருங்கிய ஒரு மாலை அவர் ஓசையின்றி மாடியேறி வந்தபோது, கமலை உரத்த குரலில் தர்க்கம் பயின்றுகொண்டிருந்தான்.

"காளைக்குக் காது ரெண்டு. வார்டனுக்கும் காது ரெண்டு. அப்ப வார்டன் காளைதானடா?"

உடனே அறையைக் காலி செய்யும்படி கமலைக்கு உத்தரவாயிற்று. பிழையான தர்க்கத்தைப் பொறுக்க இயலாத துளசிராம் கதவைத் திறந்து வந்து, அப்பிழையின் இலக்கணத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே ஆங்கிலத்தில் ஒப்பித்தான்.

"நல்லது. அதைக்கொண்டு நான் காளை இல்லையென்று காட்டு" என்றார் வார்டன்.

துளசிராம் அவர் காதுகளைப் பார்த்தான். மறுபடியும் ஒப்பித்தான். மனப்பாடம் அதற்குமேல் நகரவில்லை.

தன்மீது புகார் கொடுத்தவனின் தவிப்பைக் கமலையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "வா மாப்ள, நடந்து பாப்போம்" என்று கையைப் பற்றி இழுத்தான். நாங்கள் தொடர்ந்தோம்; என்ன நினைத்தாரோ, வார்டனும் நடந்தார். தாழ்வாரத்தின் கோடி வரை சென்று திரும்புகையில் துளசிராம் மெல்லக் கேட்டான்: "ஆட்டுக்கும் ரெண்டு காதுதானே?"

கமலையின் முகம் மலர்ந்தது. "அப்ப சார் ஆடாக்கூட இருக்கலாம்!"

"மனிதனாகவும் இருக்கலாம் அல்லவா?" என்றார் வார்டன்.

"இருக்கலாம் சார்" என்றான் கமலை, பெருந்தன்மையோடு.

செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு உத்தரவு ரத்தாயிற்று. மறுநாள் முதல் துளசிராமும் எங்களோடு நடந்தான். கற்றவன் கல்லாதவனுக்கு இரங்கி வருவதே கூடிப் படித்தல் என்று அதுவரை எண்ணியிருந்தேன். தனக்குத் தெரியாததைக் கூச்சமின்றி உரக்கச் சொல்லும் ஒருவனால் சுற்றியுள்ள அனைவரும் தெளிவடைவர் என்பது பிறகே விளங்கிற்று.

தேர்வு முடிவுகள் வெளியான நாளில் கமலை ரயிலடியில் விடியற்காலையே, தேறியவர்களின் எண்கள் அச்சான பத்திரிகையை வாங்கிவிட்டான். ஆனால் பிரிக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாங்கள் வரும்வரை நடைமேடையில் உலாத்தியிருக்கிறான். எல்லோரும் சூழ்ந்த பின்பே பிரித்தோம். துளசிராமின் விரல் வரிசை வரிசையாக இறங்கி, கமலையின் எண்ணில் நின்றது.

ரயிலடியே திரும்பிப் பார்க்கும்படி கூச்சலிட்டோம். பத்திரிகையை மடித்துக்கொண்டு காபி கிளப்புக்குள் நுழையும் வரை, தன் எண்ணைத் தேட வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவே இல்லை.