டிவிக்கு மட்டும் கிடைக்காத வைஃபை

ஹாலிஎல,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்பிள்ளை தயாபரன் அவர்களுக்கு மாமனார் மாடசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமி பெரியாயியும் சுகம். கொழும்பில் நீங்களும் மகள் துஷாந்தினியும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். நீங்கள் வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் டிவிக்கு மட்டும்தான் சுகமில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சிரித்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

ஹல்துமுல்லைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடியதால் மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு எங்களால் வரமுடியாமல் போனதல்லவா? பையில் எடுத்துவைத்த புதுச்சேலையை மாமி வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள். அவளைத் தேற்றுவதற்காக, "நேரடியாவே காட்டுறாங்களாம். பெரிய டிவியில பாத்தா மண்டபத்துல இருக்குற மாதிரியே இருக்கும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தோட்டத்து லயத்தில் வரிசை வீடு முழுக்க எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன். மாமி அந்தச் சேலையையே கட்டி, பூவும் வைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

டிவி, வைஃபை இணைப்பு இல்லை என்றது. நீங்கள் முன்பு சொன்னபடி வைஃபை பெட்டியை நிறுத்திப் போட்டேன், டிவியையும் நிறுத்திப் போட்டேன். பெட்டி தூரத்தில் இருப்பதால்தான் என்று யாரோ சொல்ல, அதைத் தூக்கி டிவியின் மடியிலேயே வைத்தோம். மாமி அதற்குத் திருநீறு பூசினாள். பிறகு பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை நான் உரக்க வாசிக்க, அவள் ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள்.

"சைபரா, ஓவாங்க?"

"வட்டமா இருக்கு, அழுத்து."

"ரெண்டும் வட்டந்தாங்க!"

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். பிழை, பிழை என்றே சொன்னது. நான் போட்ட சத்தத்தில் லயம் முழுவதற்கும் பாஸ்வேர்ட் மனப்பாடமாகி, வந்திருந்தவர்களின் போன்கள் எல்லாம் எங்கள் வைஃபையில் ஏறிக்கொண்டன. டிவி மட்டும் ஏறவில்லை. அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் விதுஷா, "மாமா, அக்கா பேரைக் கூப்பிடப் போறாங்க!" என்று கத்தினாள். ஆளுக்கொரு போனில் விழா ஓட ஆரம்பித்தது.

அதிலும் ஒரு கூத்து. ஒரு போன் முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. விதுஷாவின் போனில் மகள் பட்டம் வாங்கிக் கீழே இறங்கிவிட்டாள், கை தட்டினோம். கதவோரத்துப் போனில் அப்போதுதான் மேடை ஏறினாள், மறுபடி தட்டினோம். என் போனில் அவள் இன்னும் வரிசையிலேயே நின்றாள். மாமி ஒவ்வொரு போனாகப் போய்ப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றிலும் புதிதாக அழுதாள். உங்கள் மனைவி அன்று எத்தனை பட்டம் வாங்கினாள் என்று எனக்கே தெரியாது. எங்கள் லயத்திலிருந்து அந்தக் கறுப்பு அங்கியைப் போட்ட முதல் பிள்ளை. கைதட்டி முடியவே இல்லை, மாப்பிள்ளை.

இருந்தாலும் டிவி செய்தது அநியாயம். அதைக் கம்பளி போர்த்தி மூடிவைத்திருக்கிறோம், பார்த்தாலே மாமிக்கு ஆத்திரம் வருகிறது. ஆகையால் நீங்கள் இருவரும் வருகிற சனிக்கிழமை கட்டாயம் வந்து இதைச் சரிபார்க்க வேண்டும், முடியாவிட்டால் கையோடு எடுத்துப் போய்விட வேண்டும். பட்டதாரி மகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் அம்மாவுக்கு வணக்கம் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமனார் மாடசாமி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மனசு கேட்காமல் கம்பளியை விலக்கி இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன், டிவி வேலை செய்துவிட்டது. விதுஷா வீட்டிலும் அதே கம்பெனிப் பெட்டியாம். இரண்டு வைஃபைக்கும் பெயர் ஒரே மாதிரி, கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. எங்கள் பாஸ்வேர்டை நான் அவர்கள் பெயருக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சோற்றுக் குக்கர் போட அவள் தன் பெட்டியின் ப்ளக்கைக் கழற்றியதும் அந்தப் பெயர் மறைந்து எங்களுடையது மட்டும் நின்றது. அதே பாஸ்வேர்டை அழுத்தினேன், உடனே பிடித்துக்கொண்டது. இதை எழுதுவதைப் பார்த்துவிட்டு மாமி, "அத ஏங்க எழுதுறீங்க? சரியாயிருச்சுன்னா அவங்க எதுக்கு வரப்போறாங்க?" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். பாதை திறந்துவிட்டார்கள், மாப்பிள்ளை. மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிவி வேலை செய்யவில்லை.